‘மனசு எங்கன கெடக்கு?’ என்று கேட்ட மைதீன்

அன்று முற்பகல் சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு நான்தான் விமானத்தை ஓட்டிச் செல்வதாக இருந்தது. சீருடை அணிந்துகொண்டிருந்தபோது போன் வந்தது. விடுப்பில் பத்தமடை போயிருந்த என் நண்பர், விமானி சேக் மைதீன் மாரடைப்பால் காலமாகிவிட்டார். “சாயங்காலம் அசர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம். வந்திருவீங்கள்லா அண்ணாச்சி?” என்று கேட்டார் அவருடைய தம்பி. வந்துவிடுவேன் என்றேன்.

நானும் மைதீனும் ஒரே ஆண்டு, ஒரே பள்ளியில் விமானம் ஓட்டக் கற்றவர்கள். பள்ளி இருந்த வடநாட்டு ஊரில் நெல்லைத் தமிழ் பேச எனக்கு அவரும் அவருக்கு நானும்தான். பறப்பதற்கு முன் சக்கரம், இறக்கை, எரிபொருள் என்று விமானத்தைச் சுற்றிவந்து சோதிப்பது எல்லோரும் செய்வது. மைதீன் அதற்கும் முன்னால் நெஞ்சில் கைவைத்துத் தன்னையே கேட்டுக்கொள்வார்: “ஒறங்கினியாலே? தின்னியாலே? மனசு எங்கன கெடக்கு?” பதில் சரியில்லையென்றால் அன்று பறக்க மாட்டார். நாங்கள் கேலி செய்வோம். “விமானத்துக்குக் காய்ச்சலான்னு பாக்கோம். நம்மளப் பாக்காண்டாமா வே?” என்பார்.

ஒருநாள் நான் தனியாகப் பறக்க வேண்டிய முறை. பாளையங்கோட்டையில் அப்பாவுக்கு அறுவை சிகிச்சை நடந்துகொண்டிருந்தது. சொன்னால் முறை கைவிட்டுப் போகுமே என்று யாரிடமும் மூச்சுவிடவில்லை. எல்லாம் பார்த்தாயிற்று என்று கையெழுத்துப் போட்டுவிட்டு ஏறப் போனேன். மைதீன் ஓடிவந்து இறக்கையைக் காட்டினார். எரிபொருள் தொட்டியின் மூடி திறந்தே கிடந்தது; பறக்கும்போது எரிபொருள் வெளியே கொட்டிப்போயிருக்கும்.

“மனசு எங்கன வே கெடக்கு?”

“பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில” என்று என்னையறியாமல் உளறிவிட்டேன்.

அவர் நேரே பயிற்சியாளரிடம் போய்ச் சொல்லி, என் பெயரை அடிக்க வைத்தார். “காட்டிக் குடுத்துட்டீருல்லா” என்று கத்தியவன், பதினைந்து நாள் அவரோடு பேசவில்லை. முன்கோபம் எனக்குக் கொஞ்சம் அதிகம். அப்பா தேறி வீடு திரும்பிய பிறகுதான் உறைத்தது. அந்தத் திறந்த மூடியோடு நான் மேலே போயிருந்தால், தேறி வந்த மனிதர் வீட்டில் யாரைத் தேடியிருப்பார்? மன்னிப்புக் கேட்கப் போனேன். “பைய வாரும் வே, டீ குடிப்போம்” என்றார். அவ்வளவுதான்.

தம்பி போனை வைத்ததும் கண்ணாடியைப் பார்த்தேன். சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தேன். மைதீனின் கேள்வி அப்படியே காதில் விழுந்தது. நானே ஓட்டிப் போனால் அடக்கத்துக்கு முன் போய்ச் சேர்ந்துவிடலாம். கடைசியாக ஒருமுறை முகம் பார்க்கலாம். ஆனாலும் அலுவலகத்தைக் கூப்பிட்டு, இன்று என்னால் ஓட்ட முடியாது என்று சொல்லிவிட்டேன்.

மாற்று விமானி வந்து சேர மூன்று மணி நேரம் ஆயிற்று. அதே விமானத்தில் பயணியாக உட்கார்ந்து வந்தேன். “எவனோ பைலட் மட்டம் போட்டுட்டானாம்” என்று பக்கத்து இருக்கைக்காரர் வழியெல்லாம் திட்டினார்.

பத்தமடை போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்து கூட்டம் கலைந்திருந்தது. “கொஞ்சம் முந்தி வந்திருக்கலாம்லா அண்ணாச்சி” என்றார் தம்பி. தாமதத்தின் காரணத்தைச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அவரை அடக்கிய ஈர மண்ணின் முன் நின்றேன். மைதீன், உம்ம முகத்தை நான் பார்க்கவில்லை. அது ஆயுசுக்கும் உறுத்தும். ஆனால் என்னோடு வந்து இறங்கியவர்கள், என்னைத் திட்டியவர் உட்பட, இன்று மாலை அவரவர் வீட்டு முகங்களைப் பார்த்திருப்பார்கள். நிம்மதியாப் போய் வாரும் வே.