மண் தடுக்கிற வேலை

என் மகன் ஓமானில் எண்ணெய்க் கிணறுகளில் வேலை செய்கிறான். அங்கே நிலத்தடியில் உதிரி மணல். எண்ணெயோடு மண் ஏறி வராமல் தடுப்பதுதான் அவனுடைய வேலை. அதைச் சொல்ல எனக்குக் கூச்சம். கேட்பவர்களிடம் "கம்பனியில பெரிய வேலை" என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன்.

பேத்தியின் ஞானஸ்நானத்துக்கு அவன் லீவில் வந்தான். விருந்துக்கு முதல்நாள் எங்கள் மட்டக்குளி வீட்டுக் குழாய்க்கிணறு மண்ணாகக் கக்கியது. கழுவிய அரிசியெல்லாம் நறநறத்தது. அந்தோனியாரே, வருகிறவர்களுக்கு எப்படிச் சோறு போடுவேன் என்று கலங்கி நின்றேன்.

"நீங்க கறியப் பாருங்க அம்மா, இது என்ட வேலை," என்றான். குழாயை மேலே இழுத்து, அடியில் கம்பி வலை சுற்றி இறக்கி, சுற்றிலும் பொடிக்கல் கொட்டி நிரப்பினான்.

பக்கத்து வீட்டு பரீதா மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "எண்ணெய் வந்தா எங்களுக்கும் ஒரு போத்தல் தாங்க மகன்."

"மண் வராட்டியே பெரிசு மாமி. அங்கயும் இதத்தான் செய்றன். கல்லுக்குள்ளால எண்ணெய் வரும், மண் வராது."

மோட்டர் கொஞ்ச நேரம் கலங்கலாக இறைத்தது. பிறகு தண்ணீர் தெளிந்தது. வாளியின் அடியை விரலால் தடவினேன்; ஒரு மணல்கூட இல்லை. சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

மறுநாள் பந்தியில், மகனுக்கு என்ன வேலை என்று ஃபாதர் கேட்டார்.

"மண் தடுக்கிற வேலை ஃபாதர்," என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. இத்தனை நாள் அதை ஏன் மறைத்தேனோ, ஆண்டவருக்குத்தான் வெளிச்சம்.