சாவிக்கொத்தோடு இறங்கிய நாயகன்

நல்லகொண்டைக் கோட்டையின் அதிபதி கொம்மி நாயகனைப் பல்லக்கில் சுமந்து சுமந்தே ஜக்கனின் தோள் காய்த்துப்போயிருந்தது. எடையை அவன் பொருட்படுத்தியதில்லை. உள்ளே உட்கார்ந்து நாயகன் விடும் சவடாலைத்தான் சகிக்க முடியவில்லை. "டில்லிக்காரன் தலைய வெட்டி நம்ம ராசாவோட ஓருகல்லுக் கோட்ட வாசல்ல தொங்கவிடுறேன் பாரு!" என்பார். வழியில் ஒரு மாடு மிரண்டால் போதும், திரையை இழுத்து மூடிக்கொள்வார்.

டில்லிப் படை ஏரிக்கரைக்கு வந்துவிட்டது. மதில்மேல் பெண்கள்கூடக் கல் சுமந்துகொண்டிருக்க, நாயகன் பின்வாசலில் பல்லக்கு ஏறினார். மடியில் கோட்டைச் சாவிக்கொத்து.

குன்றின் பாதிச் சரிவில் ஜக்கன் கேட்டான். "எங்க சாமி போறோம்?"

"அவங்க தளபதியப் பாக்க. சாவியக் குடுத்துட்டா உயிருக்குப் பயமில்ல."

"யாரு உயிருக்கு?"

"தூக்குற வேலைய மட்டும் பாருடா."

கூடப் பல்லக்குச் சுமந்த மற்ற மூவரையும் ஜக்கன் பார்த்தான். நால்வரும் சேர்ந்து குனிய, பல்லக்கு முட்புதரில் உட்கார்ந்தது. சாவிக்கொத்தை ஜக்கன் பிடுங்கிக்கொண்டான்.

"டேய், தோல உரிச்சிருவேன்!"

"உரிங்க சாமி. அதுக்கு மொதல்ல எறங்கணும். நடந்து பழக்கம் உண்டா?"

நாயகன் கெஞ்சினார், நிலம் தருவதாகச் சொன்னார், பிறகு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒற்றைச் செருப்போடு பகைவனை நோக்கி நொண்டி நொண்டி இறங்கினார். ஜக்கன் காறித் துப்பிவிட்டு மேலே ஏறினான்.

நாயகனின் மனைவி முப்பாம்பா வாசலில் நின்றாள். "அவரு எங்கடா?"

"டில்லிக்காரன் கால்ல விழப் போயிட்டாரும்மா."

அவள் சாவியை வாங்கி இடுப்பில் செருகினாள். "தொலையட்டும். கதவுக்கு முட்டுக் குடு."

சாவி இல்லாத நாயகனால் தளபதிக்கு என்ன பயன்? சண்டைக்கு நடுவே அவரை மதிலுக்குக் கீழே நிறுத்தி, "கதவத் திறங்க!" என்று கத்தவிட்டான். மேலிருந்து யாரோ களிப்பானை கழுவிய தண்ணீரை அவர் தலையில் கொட்டினார்கள். அத்தனை சாவுக்கு நடுவிலும் மதில் முழுக்கச் சிரித்தது.

அம்பு பட்டு ஜக்கனுக்கு ஒரு கண் போயிற்று. மழை பிடித்து, கரிசல் சேற்றில் குதிரைகள் புதைய, படை திரும்பிப் போனது.

மறுபடி வந்தபோது கோட்டை விழுந்தது. முப்பாம்பா வாசலிலேயே வெட்டுப்பட்டுச் செத்தாள். ஜக்கன் காட்டுக்குள் போய்த் தேனெடுத்துப் பிழைத்தான்.

கொம்மி நாயகன் இப்போது டில்லிக்கு வரி தண்டுகிறார், பட்டு அங்கி போட்டிருக்கிறார் என்று ஒருநாள் ஒரு வழிப்போக்கன் வியந்து சொன்னான்.

"அங்கி நிக்கிதா? உள்ள ஆளே கெடையாதே" என்றான் ஜக்கன்.