சுந்தரி தட்டிய டின்

ஆம்பூரில் தோல் பதனிடும் தோல்ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலை ஆரோக்கியசாமிக்கு. வருடாவருடம் நடக்கும் எட்டு மைல் ஓட்டத்தில் அவரும் ஓடலாம். ஆனால் தோல்ஷாப்பு ஆட்கள் மற்றவர்களுக்குப் பத்து கஜம் பின்னால், தனிக்கோட்டில் நிற்க வேண்டும். நாற்றமாம்! தங்கள் காலில் கிடக்கும் செருப்பு எந்தத் தொட்டியில் ஊறி வந்ததென்று அந்த யோக்கியர்கள் யோசித்ததில்லை.

அந்தக் கோடு எதற்கென்று, ஓட்டத்தை நடத்தும் கிளப்புக்கே போய் ஆரோக்கியசாமி நேரில் கேட்டார்.

"நீ ஜெயிச்சுக் காட்டு, கோட்டை நானே அழிக்கிறேன்" என்று சிரித்தார் கிளப் காரியதரிசி.

அந்த வருடம் ஜெயிக்கவில்லை. தினமும் ஒரே சீராக எட்டு மைல் ஓடிப் பழகியவர்தான். முன்னால் ஓடிய மணியக்காரர் மகன் பாலாற்றங்கரையில் திடீரென்று வேகமெடுத்தான். துரத்தியவருக்கு மூச்சு முட்டியது. பாலாற்று மணலில் உட்கார்ந்துவிட்டார்.

கூட வேலை செய்யும் ஜியாவுல்லா தேற்றினார். "தோஸ்த், ஒரு தாயத்து கட்டிக்க."

"தாயத்தா ஓடப் போவுது? வேகமா ஓடிட்டு, நிக்காம, மெதுவா ஓடிக்கினே மூச்சு வாங்கணும். அதான் எனக்கு வரல."

ஞாயிறுதோறும் மனைவி சுந்தரி மண்ணெண்ணெய் டின்னோடு ஆற்றுக்கு வந்தாள். ஒரு தட்டு தட்டினால் பறக்க வேண்டும். இரண்டு தட்டினால் மெல்ல ஓடலாம், நிற்கக் கூடாது. ஒரு நேரம் நூறு எண்ணும்வரை வேகம், ஒரு நேரம் ஐந்நூறு. எல்லாம் அவள் இஷ்டம்.

"அடுத்தது எப்போன்னு சொல்லேன்டி!"

"மணியக்காரர் மகன் உன்னைக் கேட்டுட்டா வேகமெடுப்பான்? ஓடுய்யா!"

டங்!

மறுவருடம் அவன் அதே இடத்தில் பாய்ந்தான். ஆரோக்கியசாமி விடாமல் ஒட்டிக்கொண்டு, அவன் தணிந்தபோது ஓடியபடியே மூச்சைப் பிடித்துக்கொண்டார். ஆற்றங்கரையில் சுந்தரி நின்றாள். டங்! இவர் பறந்தார். பின்தங்கிவிடக் கூடாதென்று அவனும் பறந்தான். டங் டங்! இவர் தணிந்தார். அவனுக்கு அந்தக் கணக்கு தெரியாது. முன்னால் போய்விடலாமென்று இன்னும் வேகமாக ஓடினான். ஐந்தாவது டங்குக்கு இடுப்பைப் பிடித்துக்கொண்டு மணலில் நடந்துகொண்டிருந்தான்.

புறப்பட்ட மைதானத்துக்கு ஆரோக்கியசாமி முதலில் வந்து சேர்ந்தார். காரியதரிசி எட்ட நின்று கோப்பையை நீட்டினார். இவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"கோடு, சார்?"

"கோடு! கோடு!" என்று தோல்ஷாப்பே கத்தியது. சுந்தரி டின்னை விளாசினாள். காரியதரிசி முகம் சிவக்க, அந்தச் சுண்ணாம்புக் கோட்டைக் காலால் தேய்த்தார்.

"நல்லா அழுத்தித் தேயுங்க சார்" என்றார் ஜியாவுல்லா. "செருப்பு நம்ம சரக்குதான், ஒண்ணும் ஆவாது!"