பீரோவுக்குள் போகாத சான்றிதழ்

ஆறு மாதம் அலைந்த பட்டதாரி தாரகைக்குக் கிடைத்த முதல் வேலை அது. அவள் கேட்ட இருபத்திரண்டாயிரம் சம்பளத்துக்குப் பனியன் கம்பெனி மேலாளர் சாமியப்பன் உடனே தலையசைத்தார். அதுவே அவளுக்கு உறுத்தியது. ஒப்பந்தத்தைக் கடைசிப் பக்கம்வரை படித்தாள். இடையில் வேறு கம்பெனிக்குப் போகாமலிருக்க, அசல் பட்டச் சான்றிதழ் இரண்டு வருடம் அவர்கள் பீரோவில் இருக்க வேண்டுமாம்.

“பதினெட்டே குடுங்க. சர்டிபிகேட் எங்கூட்லயே இருக்கட்டுங்க.”

“ஏங்கண்ணு, எம்மேல நம்பிக்கை இல்லியா?”

“எனக்கு இருக்குதுங்க. உங்களுக்குத்தான் எம்மேல இல்லீங்க.”

வெளியே அதே வேலைக்கு இன்னும் நாலு பேர் காத்திருந்தார்கள். தாரகை பேனாவைத் தொடவில்லை. சாமியப்பன் கதவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு அந்த வரியை அடித்து, ஓரத்தில் கையெழுத்திட்டார்.

“பதினெட்டுதான், பாத்துக்க.”

அடுத்த வருடம் வேறொரு கம்பெனி முப்பதாயிரத்துக்கு அழைத்தது. சாமியப்பனே முப்பத்தொன்று தருவதாகச் சொன்னார்.