வீட்டு வரி எந்த ஊருக்குக் கட்டுகிறீர்கள்?

எங்கள் செக்லிஸ்டின் நான்காவது வரியைப் பார்த்துப் புதிதாகச் சேருகிற பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அமெரிக்காக்காரரிடம் போய் வீட்டு வரியைப் பற்றிக் கேட்பார்களா என்கிறார்கள். அந்த வரி நான் எழுதியது. அது எப்படி வந்தது என்று அவர்களுக்காக எழுதி வைக்கிறேன்.

1. யோசிக்காதே

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லின் மாடியில் எங்கள் அலுவலகம். மில் முதலாளியின் மகன் ஆரம்பித்தது. கீழே கம்பி ஓடும்போது மேலே மேசை லேசாக அதிரும். ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலில் இரண்டு ஸ்டேஷன். பி.காம் முடித்த கையோடு சேர்ந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் கிடையாது.

எங்கள் டீம் லீடர் பாஷ்யம் சார். திருவள்ளூரிலிருந்து தினமும் ரயில் மாறி வருவார். முதல் நாள் அவர்தான் வேலையை விளக்கினார்.

"அமெரிக்காவுல ஒருத்தர் இன்டர்நெட்ல தண்ணி பம்பு ஆர்டர் பண்றார்னு வச்சுக்கோம்மா. பொருள் போய்ச் சேர்ற எடத்துக்குத் தகுந்த மாதிரி வரி. மாநிலத்துக்கு ஒண்ணு. அதுக்கு மேல கவுண்டிக்கு ஒண்ணு, நம்ம மாவட்டம் மாதிரி. டவுனுக்குள்ள இருந்தா டவுனுக்கும் ஒண்ணு. பம்பு விக்கிற கம்பெனிதான் நம்ம க்ளையன்ட், அவங்க இதெல்லாம் வசூல் பண்ணிக் கட்டணும். எந்த அட்ரஸுக்கு எந்த ரேட்டுன்னு சொல்றது நம்ம வேலை."

"அட்ரஸை வச்சு எப்படி சார் கண்டுபிடிக்கிறது?"

"ஜிப் கோடு இருக்கும், நம்ம பின்கோடு மாதிரி. அதைப் பாரு, டேபிள்ல தேடு, ரேட்டைப் போடு. யோசிக்காதே. யோசிச்சா கவுன்ட் வராது."

கவுன்ட் என்பது ஒரு நாளைக்கு நானூறு முகவரி. மூன்று மாதம் புரொபேஷன். சராசரி அதற்குக் கீழே போனால் வேலை நிரந்தரமாகாது. ஆரம்பாக்கத்தில் என் அப்பா, மகளுக்குக் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை என்று டீக்கடையில் எல்லோரிடமும் சொல்லி முடித்திருந்தார்.

2. மூன்றாவது மெயில்

கடைசி மாதம் என்னைப் புகார் மெயில்களுக்கும் போட்டார்கள். எந்தப் புகாருக்கு எந்தப் பதில் என்று டெம்ப்ளேட் உண்டு. அதைத் தவிர ஒரு சொல் எழுதக் கூடாது.

கான்சாஸ் மாநிலத்திலிருந்து ஒரு விவசாயி எழுதியிருந்தார். பம்பு வாங்கியவர். நான் டவுனுக்குள் இல்லை, என்னிடம் ஏன் டவுன் வரி வாங்கினீர்கள் என்று கேட்டிருந்தார். 'உங்கள் முகவரிப்படி வரி சரியாகவே கணக்கிடப்பட்டுள்ளது' என்ற டெம்ப்ளேட் ஏற்கெனவே இரண்டு முறை போயிருந்தது. மூன்றாவது மெயில் எனக்கு வந்தது. முழுக்க ஆங்கிலப் பெரிய எழுத்தில், கத்துகிற மாதிரி.

பக்கத்து சீட் நூர்ஜஹான் எட்டிப் பார்த்தாள். பழவேற்காட்டுக்காரி. எங்கள் டீமிலேயே வேகமான கை அவளுடையது.

"ஒண்ணரை டாலரு வரிக்கு இந்த ஆளு இன்னாத்துக்குடி இவ்ளோ பேஜாரு பண்ணிக்கினு கீறாரு? டெம்ப்ளேட்டைப் போட்டு மூடு. ஒன் கவுன்ட் ஏற்கெனவே படுத்துக்கினு கீது."

மூடத்தான் போனேன். அவர் மெயிலின் கடைசி வரி என்னை நிறுத்தியது. 'எனக்குத் தபால் அந்த டவுனிலிருந்து வருகிறது. அதைத் தவிர அந்த டவுனுக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.'

இது எங்கள் வீட்டுக் கதை. எங்களுக்கு வருகிற கடிதங்களில் ஆரம்பாக்கம் என்றுதான் இருக்கும். ஆனால் வீடு கால்வாய்க்கு அந்தப் பக்கம், வேறு ஊராட்சி. கல்லூரியில் சேர இருப்பிடச் சான்றிதழ் கேட்டுப் போனபோது ஆரம்பாக்கத்து அதிகாரி, "ஒன் ஊடு என் லிமிட்ல வரலமா, அந்தாண்ட போய்க் கேளு" என்றார். அந்தாண்டை இருந்தவர் முகவரியைப் பார்த்துவிட்டு, "ஆரம்பாக்கம்னு போட்டுக்கினு இங்க இன்னாத்துக்கு வந்தே?" என்றார். நான்கு நாள் நானும் அப்பாவும் இரண்டு அலுவலகத்துக்கும் நடந்தோம். ஐந்தாம் நாள் அப்பா தகரப் பெட்டியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். அவர் கட்டிய எல்லா வருடத்து வீட்டு வரி ரசீதும் அதில் இருந்தன.

"இத்த ஏன் நைனா மொதல்லியே எடுக்கல?" என்று கத்தினேன்.

"அதுல இன்னா எழுதிக்கீதுன்னு எனக்கு இன்னா தெரியும்? டப்பு கட்னா சீட்டு வாங்கி வச்சிக்கணும், அது தெரியும்."

ரசீதில் அந்தாண்டை ஊராட்சியின் பெயர் இருந்தது. பத்து நிமிடத்தில் கையெழுத்து கிடைத்தது.

3. டெம்ப்ளேட் இல்லாத பதில்

கான்சாஸ்காரருக்கு என் சொந்த ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதினேன். ஐயா, வீட்டு வரி எந்த ஊருக்குக் கட்டுகிறீர்கள்? அந்த பில்லின் நகல் அனுப்ப முடியுமா? அனுப்பிய பிறகுதான் என்ன செய்திருக்கிறேன் என்று உறைத்தது.

மறுநாள் காலை பில் வந்திருந்தது. கவுண்டிக்கு வரி இருந்தது, பள்ளிக்கூடத்துக்குக்கூட வரி இருந்தது. டவுன் என்ற பேச்சே இல்லை. கீழே ஒரு வரி எழுதியிருந்தார். 'இத்தனை நாளில் என்னிடம் கேள்வி கேட்ட முதல் ஆள் நீங்கள்தான்.'

அந்த மாநிலத்து அரசின் இணையதளத்தில் டவுன் எல்லை வரைபடம் இருந்தது. அந்த ஜிப் கோடில் நாங்கள் ரேட் போட்ட முகவரிகளை ஒவ்வொன்றாக அதில் வைத்துப் பார்த்தேன். இரண்டு நாள் ஆனது. பதினோரு வீடுகள் டவுனுக்கு வெளியே இருந்தன. அவற்றில் ஆறுக்கு ரேட் போட்டது நான். என் கவுன்ட் பாதியாகியிருந்தது. புரொபேஷன் முடிய எட்டு நாள் பாக்கி.

பாஷ்யம் சார் என் மேசைக்கே வந்துவிட்டார்.

"கோமதி, டெம்ப்ளேட் இல்லாம மெயில் போட யார் சொன்னா? க்ளையன்ட் பாத்தா கான்ட்ராக்டே போயிடும், தெரியுமோல்லியோ?"

"தப்பு ரேட் போயிருக்கு சார்."

"எத்தனை?"

"பதினொண்ணு. அதுல ஆறு நான் போட்டது."

அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். "உனக்கு கன்ஃபர்மேஷன் வேணுமா, வேண்டாமா?"

"வேணும் சார்."

"அப்போ இதை ஏன்மா நீயே சொல்றே?"

"தெரிஞ்சப்புறம் நாளைக்கும் அதே ரேட்டையே போட முடியாது சார்."

அவர் என் பட்டியலை வாங்கிக்கொண்டு போனார். மாலை க்ளையன்டோடு பேசும்போது அதைத் தானே படித்துக் காட்டினார் என்று பிறகு தெரிந்தது. பதினோரு பேருக்கும் பணம் திரும்பப் போனது. மற்ற ஜிப் கோடுகளிலும் இப்படி இருக்கிறதா என்று பார்க்கும் வேலையை க்ளையன்ட் எங்களிடமே கொடுத்தார்.

என் புரொபேஷன் மட்டும் ஒரு மாதம் நீண்டது.

"கவுன்ட் கவுன்ட்தான்மா. அதுல நான் கை வைக்க முடியாது" என்றார் பாஷ்யம் சார். "ஆனா செக்லிஸ்ட்ல நாலாவது பாயின்ட் உன்னோடது. நீயே எழுது."

ஒரு வாரம் கோபத்தில் காலையில் சாப்பிடாமலே வேலைக்கு வந்தேன். நூர்ஜஹான்தான் காலையில் நாஷ்டா பொட்டலத்தை என் கீபோர்டின் மேல் வைப்பாள். "துன்னு. துன்னுட்டு கோவமா இரு. வெறும் வயித்துல கோவம் நிக்காதுடி." அந்த மாதம் நான்காவது வரிப்படியும் சரிபார்த்துக்கொண்டே தினமும் நானூற்றுப் பத்து முடித்தேன்.

நிரந்தர உத்தரவு ரிஜிஸ்டர் தபாலில் வீட்டுக்கு வந்தது. அப்பா கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல எந்த ஊருன்னு போட்டுக்கீது?"

"ஆரம்பாக்கம்னுதான் நைனா."

"தப்பா போட்டுக்கீறாங்க. சரி வுடு, வந்து சேந்துச்சில்ல."

உத்தரவைக் கவரோடு வீட்டு வரி ரசீதுகளுக்கு மேலே வைத்துப் பெட்டியை மூடினார்.

தபால்காரருக்கு அந்த முகவரி போதும். வரி போடுகிற நமக்குப் போதாது. நான்காவது வரியைப் பார்த்து இனியும் சிரியுங்கள், தவறில்லை. சிரித்துவிட்டு, அந்தக் கேள்வியைக் கேளுங்கள்.