சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட குதிகால் சத்தம்

1970களின் கடைசியில் பழவேற்காட்டில் என் நைனா படகிலிருந்து இறங்கும்போது இரண்டு முறை விழுந்தார். எலும்பு முறியவில்லை, ஆனால் கால்கள் நடுங்கத் தொடங்கின. பொன்னேரி டாக்டர், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தினமும் இருபது முறை குதிகாலைத் தூக்கி இறக்கச் சொன்னார்.

நைனா மத்தியானத்தில் சத்தமாக எண்ணிக்கொண்டே செய்வார். நான்காம் நாள், அவர் "ஒண்ணு" என்று குதிகாலை இறக்கியதும் சுவருக்கு அந்தப் பக்கம் 'தொம்' என்று கேட்டது. "ரெண்டு" என்றார். மறுபடியும் தொம். அவர் நிறுத்தினால் அதுவும் நின்றது. பக்கத்து வீட்டுக்காரர்கள் மெட்ராஸுக்குக் குடிபோய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. வாசல் பூட்டு உப்புக்காற்றில் துருவேறிக் கிடந்தது.

"யாருமில்லாத வூட்ல இன்னா சத்தம்மா அது? இனிமே நான் எண்ண மாட்டேன்" என்று நைனா படுத்துவிட்டார்.

இரண்டு நாள் பொறுத்து நான் ஏரிப் பக்கமாகச் சுற்றி அந்த வீட்டின் பின்புறம் போனேன். பின்கதவு திறந்திருந்தது. இருண்ட அறையில், முக்காடு போட்ட அந்த வீட்டுப் பெரியம்மா சுவரில் உள்ளங்கைகளைப் பதித்தபடி அசையாமல் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் அவரே பேசினார்.

"முன்பூட்டு திறக்கல, நானும் மவளும் பின்பக்கமா வந்தோம். நானும் விழுந்தவதாம்மா, எனக்கும் குதிகாலைத் தூக்கி இறக்கத்தான் சொல்லியிருக்காங்க. உங்க நைனா எண்ணுறதைக் கேட்டுத்தான் செஞ்சேன். ஏன் நிறுத்திட்டாரு?"

நான் சொன்னதைக் கேட்டு, மறுநாள் நைனா கம்பியைப் பிடித்தபடியே அந்தச் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பி உரக்க எண்ணினார். ஐப்பசிக்குள் கம்பியைப் பிடிக்காமலே நின்றார். யாரென்று தெரிந்த பிறகும், அந்தப் பூட்டிய வீட்டிலிருந்து சத்தம் வரும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும்.