சிவப்பு டிராக்டர் குடித்த டீசல்

எங்களிடம் இரண்டு கிழட்டு டிராக்டர்கள் இருந்தன. ஒன்று நீலம், மற்றது சிவப்பு. இரண்டுமே அப்பாவை விட வயதில் மூத்தவை என்று அம்மா சொல்வார். கேரம் டவுன்ஸ் கோயிலைத் தாண்டி அரை மணித்தியாலம் காரில் ஓடினால் வரும் குத்தகை நிலத்தில் கத்தரியும் மிளகாயும் கீரையும் போட்டு டண்டினொங் நகரத்துத் தமிழ்க் கடைகளுக்குக் கொடுத்துவந்தோம். அப்பா தொழிற்சாலை வேலைக்காரர். சனி, ஞாயிறில் மட்டும் விவசாயி. மற்ற நாட்களில் தோட்டம் முழுக்கச் சித்தப்பாவின் பொறுப்பு.

சித்தப்பா இலங்கையிலிருந்து படகில் கடல்வழியாக இந்த நாட்டுக்கு வந்தவர். விசா முடிவு வரவில்லை. மனைவியையும், தவழும் வயதில் விட்டுவந்த மகளையும் கிளிநொச்சியில் வைத்துக்கொண்டு எங்கள் வீட்டு முன்னறையில் படுத்தார். பத்து வயதான எனக்கு இதெல்லாம் பெரிய விஷயமாகப் படவில்லை. சிவப்பு டிராக்டரின் கண்ணாடிக் கூண்டுக்குள், தன் இருக்கைக்குப் பக்கத்தில் எனக்கும் இடம் தருபவர் என்பதால் அவர் நல்ல மனிதர், அவ்வளவுதான். நீலத்துக்குக் கூண்டே கிடையாது. குளிர்காற்றில் மூக்கு விறைத்துப்போகும்.

அந்தக் கோடையில் அப்பா ஒரு முடிவுக்கு வந்தார். டீசல் பீப்பா மாதா மாதம் முன்னையதை விடச் சீக்கிரம் காலியாகிறது. சிவப்புதான் குடிக்கிறது. யானையைக் கட்டித் தீனி போட முடியாது, அதை விற்றுவிடலாம் என்றார். சித்தப்பா சண்டைக்கு நிற்பார் என்று நான் எதிர்பார்த்தேன். அவரோ சாப்பாட்டுப் பீங்கானைப் பார்த்தபடி, "ஓம் அண்ணை, சிவப்பை வித்துப்போடுங்கோ. அது கனக்கக் குடிக்குது" என்றார். தன்னுடைய டிராக்டரையே காட்டிக்கொடுக்கிறாரே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் பேசாவிட்டால் என்ன, நான் இருக்கிறேனே. நியாயமான சோதனை எப்படிச் செய்வது என்று அந்த வருடம்தான் பள்ளிக்கூடத்தில் படிப்பித்திருந்தார்கள். ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும், மற்றதெல்லாம் ஒரே மாதிரி இருக்க வேண்டும். சோதிக்காமல் தீர்ப்புச் சொல்வது பிழை என்று அப்பாவைப் பிடித்து உலுக்கினேன். சித்தப்பா வேண்டாம், வேண்டாம் என்று இரண்டு தரம் சொன்னார். அப்பா என் பக்கம் சாய்ந்துவிட்டார்.

சனிக்கிழமை காலை சோதனை நடந்தது. இரண்டின் டீசல் தாங்கிகளையும் கழுத்து வரை நிரப்பினோம். ஒரே கலப்பை, ஒரே கியர், ஒரே நீளத் துண்டு நிலம். ஓட்டுநரும் ஒருவரே, அப்பா. உழுது முடித்ததும் டிராக்டரைப் பழைய இடத்திலேயே நிறுத்தி, அளவு ஜக்கால் மறுபடி கழுத்து வரை ஊற்ற வேண்டும். எத்தனை ஜக் என்று எண்ணுவது என் வேலை. நுரை அடங்கும் வரை ஊற்ற விடாமல் பெரியவர்கள் இருவரையும் நான் நன்றாகவே படுத்தி எடுத்தேன்.

நீலம் சிவப்பை விட ஏறக்குறைய இரண்டு ஜக் கூடக் குடித்திருந்தது. நான் சிவப்பைச் சுற்றிச் சுற்றி ஓடினேன். வேறு யாரும் கைதட்டவில்லை. அப்பா கையிலிருந்த ஜக்கையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப மிச்ச டீசல் எங்கை போனது?" என்றார் மெதுவாக.

பீப்பாப் பூட்டின் திறப்பு சித்தப்பாவிடம்தான் இருந்தது. கிழமை நாட்களில் அங்கே வேறு ஆளும் கிடையாது. அப்பா கேட்டதை நானோ சோதனையின் அடுத்த கேள்வி என்று எடுத்துக்கொண்டேன். விடையும் எனக்குத் தெரியும். விடுமுறை நாட்களில் சித்தப்பாவோடு தோட்டத்துக்குப் போய் என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு நடுப்பகலும் அவர் சிவப்பை வரம்போரமாக நிறுத்தி, கூண்டுக்குள் இருந்தபடியே ஃபோன் கதைப்பார். பழைய ஃபோன், சார்ஜரில் செருகாவிட்டால் பத்து நிமிடம் தாங்காது. டிராக்டரின் பற்றரியும் அப்படித்தான். எஞ்சினை நிறுத்திவிட்டுச் சார்ஜ் போட்டால் பிறகு உயிர் வராது. அதனால் ஒரு மணித்தியாலத்துக்கு எஞ்சின் நின்ற இடத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். வகுப்பில் போலக் கையை உயர்த்தி எல்லாவற்றையும் இங்கிலிஷில் ஒப்புவித்தேன். கடைசியில் சித்தப்பாவுக்கும் விளங்கட்டும் என்று தமிழில் முடித்தேன்: "சும்மா வேஸ்ட், அப்பா."

சித்தப்பா தலை நிமிரவில்லை. "இஞ்சை மத்தியானம் எண்டா அங்கை காலமை அண்ணை. மனிசி பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு நடத்திக் கூட்டிக்கொண்டு போற நேரம். வழி முழுக்க என்னோடை கதைச்சுக்கொண்டு போவாள்" என்றார். பிறகு, "சொல்ல வெக்கமாக் கிடந்தது" என்றார்.

அப்பா பீப்பாவின் மூடியை இறுக்கினார், இறுக்கியதையே மறுபடியும் இறுக்கினார். ஒரு நிமிடமாவது சொந்தத் தம்பியைக் கள்ளன் என்று நினைத்துவிட்ட வெட்கம் அது என்று இப்போது தெரிகிறது. "நீலத்தை விப்பம்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜக்கைக் கழுவப் போனார்.

நீலம் போனது. வெற்றி எனக்குத்தான். ஆனால் அதற்குப் பிறகு சித்தப்பா பள்ளிக்கூடம் இல்லாத சனிக்கிழமை நடுப்பகலிலும் மகளோடு ஃபோன் கதைத்தார். அந்த நேரமானால் அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு தோட்டத்தின் மறு எல்லைக்குப் போய், பார்க்கத் தேவையில்லாத மிளகாய்ச் செடிகளைப் பார்த்துக்கொண்டு நிற்பார். தூரத்தில் சிவப்பு உறுமிக்கொண்டிருக்கும். எனக்குப் பொறுக்கவில்லை. சும்மா ஓடும் எஞ்சின் கிழமைக்கு எத்தனை லீற்றர் குடிக்கிறது என்று கணக்குப் போட்டு, வண்ணப் பென்சிலால் தலைப்பிட்டு, குசினியில் ஃபிரிட்ஜில் ஒட்டினேன். அப்பா அதைக் கழற்றிவிட்டார். இரண்டு நாள் அவரோடு நான் கதைக்கவில்லை.

பதினொரு வருடம் கழித்து, போன வருடம்தான், சித்தியும் தங்கச்சியும் வந்து சேர்ந்தார்கள். ஒருநாள் தங்கச்சியைக் காரில் டண்டினொங்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சிக்னலில் நின்றபோது தானாகவே சொன்னாள்.

"சின்னனிலை, அப்பா எங்களிட்டை வந்துகொண்டிருக்கிறார் எண்டுதான் நினைச்சனான் அக்கா. எப்ப கதைச்சாலும் வாகனம் ஓடுற சத்தம் கேக்கும். இண்டைக்கு எவ்வளவு கிட்ட வந்திருப்பார் எண்டு பள்ளிக்கூடத்திலை எல்லாரிட்டையும் சொல்லுவன்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சத்தத்தைத்தான் நான் லீற்றர் லீற்றராக வேஸ்ட் என்று எழுதி ஒட்டியிருந்தேன்.